மாலை எடையில் நின்றுபோன நிரல்

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில், சென்ற மாதம் ஒரு மாலை முழுக்க அசடு வழிந்துகொண்டு நின்றேன். கொழுந்து எடையைப் பதியும் அவர்களுடைய பழைய மென்பொருளைத் தராசோடு இணைத்துக் கொடுத்திருந்தேன். காலையில் நன்றாகத் திறந்தது, பெயர்ப்பட்டியல் வந்தது. மாலையில் முதல் மூட்டை தராசில் ஏறியதும் நின்றுவிட்டது. 'நியூட்டன்சாஃப்ட்.ஜேசன் 13.0.0.0' என்ற லைப்ரரியை ஏற்ற முடியவில்லையாம்.

வரிசையில் நின்ற அக்கா ஒருவர், "தம்பி, என் கிலோ எங்க போச்சு?" என்றார். கிலோவை வைத்துத்தான் அவருக்குச் சம்பளம். கிராணி ஒன்றும் பேசாமல் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

லைப்ரரி என்பது வேறு யாரோ எழுதி, நாம் எடுத்துப் பயன்படுத்தும் நிரல். தோட்டத்து மென்பொருள் டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் எழுதியது. தனக்கு வேண்டிய லைப்ரரிகளைப் பதிப்பு எண்ணோடு 'பேக்கேஜஸ்.கான்ஃபிக்' என்ற தனிக் கோப்பில் வைத்திருந்தது. அதில் ஜேசன் 9.0.1. நான் சேர்த்த தராசுப் பகுதியோ விசுவல் ஸ்டூடியோ 2017-உடன் வந்த புது வடிவம். புராஜெக்ட் கோப்புக்குள்ளேயே 'பேக்கேஜ்ரெஃபரன்ஸ்' என்று குறித்துக்கொள்ளும். அதில் 13.0.3. இந்தப் பட்டியல் அந்தப் பட்டியலைப் பார்ப்பதில்லை. கடைசியில் எல்லாம் போய்ச் சேரும் கோப்புறையில் ஒரு பெயருக்கு ஒரு கோப்புதான் இருக்க முடியும். பழையது தங்கிவிட்டது. பதிப்பு மோதுகிறது என்று மஞ்சள் எச்சரிக்கை வந்திருக்கிறது. நூறு மஞ்சளில் அதுவும் ஒன்று, நான் பார்க்கவில்லை.

டாட்நெட் ஃபிரேம்வொர்க் கறாரானது. 13 கேட்ட இடத்தில் 9-ஐக் கொடுத்தால் வாங்காது. ஆனால் தேவைப்படும் நிமிடம் வரை தேடவும் செய்யாது. காலைச் சோதனையில் நான் ஏமாந்தது இதனால்தான்.

அவசரத்தில் புதிய கோப்பைப் பழையதன் மேல் நகல் எடுத்துப் போட்டேன். இப்போது பழைய பகுதி 9 எங்கே என்று கேட்டது. பெயர்ப்பட்டியலும் போயிற்று! கிராணி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

இரவு தானா ராத்தாவில் அறைக்குத் திரும்பியதும்தான் நிதானம் வந்தது. பேக்கேஜஸ்.கான்ஃபிக் மேல் வலது கிளிக் செய்தால், அதைப் பேக்கேஜ்ரெஃபரன்ஸாக மாற்றித் தரும் வசதி விசுவல் ஸ்டூடியோவிலேயே இருக்கிறது. (ஏஎஸ்பி.நெட் இணையப் புராஜெக்ட்டுகளுக்கு இது கிடையாது.) மாற்றினேன். இரண்டு பகுதிக்கும் 13.0.3 என்றே போட்டேன். அறிக்கை அச்சிடும் லைப்ரரி ஒன்று இன்னும் பழைய எண்ணையே கேட்கும், அதை நான் திருத்த முடியாது. அதற்காக ஆப்.கான்ஃபிக்கில் 'பைண்டிங் ரீடைரக்ட்': 0.0.0.0 முதல் 13.0.0.0 வரை எதைக் கேட்டாலும் 13.0.0.0-ஐயே கொடு. பின், ஆப்ஜெக்ட் கோப்புறைகளை அழித்துவிட்டு முதலிலிருந்து பில்ட் செய்தேன். இந்தத் தடவை எடைப் பதிவையும் அச்சையும் ஓட்டிப் பார்த்த பிறகே படுத்தேன்.

மறுநாள் நோட்டில் இருந்த கிலோக்களை ஏற்றினோம். அந்த அக்கா தன் எண்ணைத் திரையிலும் நோட்டிலும் பார்த்துவிட்டுத்தான் மலைக்குப் போனார். மாதக் கடைசி வரை இரண்டிலும் எழுதும்படி கிராணியிடம் சொல்லியிருக்கிறேன்.