செவிச் செல்வம்

‘ஞான ஒடுக்கம்’ என்னும் சொல் நம் இல்லங்களில் இப்போது அருகிவிட்டது. ‘தியானம்’ என்றே எல்லோரும் சொல்கிறோம். எனக்கென்னவோ பழைய சொல்லின்மீதுதான் பற்று. சந்தடியை விட்டு விலகி ஓரிடத்தில் ஒடுங்கி இருத்தல் என்ற பொருள் அதில் தெளிவாகக் கேட்கிறது. அன்பு நேயர்களே, இத்திங்கள் நான் சொல்ல வந்தது இரண்டு ஒடுக்கங்களைப் பற்றி. இரண்டிலும் பிரசங்கம் கிடையாது. பாட்டு மட்டுமே உண்டு. ஒன்று தொலைவிலுள்ள அயர்லாந்தில் நடந்தது. மற்றொன்று நம் வானகரத்தில்.

என் தங்கை மகள் அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிகிறாள். உடன் பணிபுரியும் ஒரு பெண் அவளைக் கிளேர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்கு, வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு வரை, பழைய பாட்டுக் கற்க அழைத்துச் சென்றாளாம். கைபேசியில் அவள் அனுப்பிய செய்தியைத் தாளில் எழுதினால் நான்கு பக்கம் வரும். “மாமா, அங்கே ஒருவர் கையிலும் பாட்டுப் புத்தகம் இல்லை” என்று தொடங்கியிருந்தாள்.

புத்தகம் இல்லாததற்குக் காரணம் உண்டு. அவர்கள் கற்றது ‘ஷான் நோஸ்’ எனப்படும் பாடல் வகை. ‘பழைய முறை’ என்பது அச்சொல்லின் பொருள். பக்கவாத்தியம் ஏதுமின்றி ஒருவரே தனித்துப் பாடுவது மரபு. ஒரே அடியை முதல் முறை ஒரு விதமாகவும் அடுத்த முறை வேறு விதமாகவும் அசைத்துப் பாடுவார்கள். நம் சங்கீதத்தில் சங்கதி என்கிறோமே, ஏறக்குறைய அதுபோல. ஆசிரியர் ஓர் அடி பாடுவார். மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். பிழையிருந்தால் பிழை இன்னதென்று சொல்லாமல் மறுபடியும் பாடிக் காட்டுவார், அவ்வளவுதான். பாடுபவர் உருகிப் பாடும்போது அருகில் இருப்பவர் அவர் கையைப் பற்றி மெல்லச் சுழற்றிக் கொண்டிருப்பது அந்நாட்டு வழக்கமாம். இதை வாசித்தபோது, இழவு வீட்டில் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அசைந்து அழும் நம் பெண்கள்தாம் என் நினைவுக்கு வந்தார்கள்.

இரவில் வாத்தியங்கள். பிடில், மரக்குழல், ஆறு துளையுள்ள தகரக் குழல், ஆட்டுத்தோல் போர்த்த ‘பௌரான்’ என்னும் பறை, முழங்கையால் துருத்தியை அழுத்தி ஒலிக்கச் செய்யும் பைக்குழல். ‘ஜிக்’ என்ற நடன மெட்டு மும்மூன்றாய் நடப்பது, நம் திச்ர நடை போல. அவர்களுடைய மெட்டுகள் பல நம் சங்கராபரணத்தையும் ஹரிகாம்போதியையும் கரகரப்பிரியாவையும் ஒத்த சுர வரிசையில் அமைந்தவை. சிறு வயதில் ஆறு ஆண்டு பாட்டு கற்ற என் மருமகளுக்கு அங்கே அந்நியம் தோன்றவில்லை என்றால் வியப்பன்று.

இந்த ஒடுக்கங்கள் பொழுதுபோக்காகத் தொடங்கியவை அல்ல. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அதே அளவினர் கப்பலேறினர். ஐரிஷ் மொழி பேசிய ஏழைகளே மிகுதியாக மறைந்தனர். அவர்களோடு அவர்கள் பாட்டும் போயிற்று. எஞ்சியதைக் காக்க 1951இல் ஒரு சங்கம் தோன்றிற்று. வில்லி கிளான்சி என்ற பைக்குழல் கலைஞர் 1973இல் இறந்தபோது, அவர் பெயரால் அதே ஆண்டு அவருடைய சொந்த ஊரான மில்ட்டவுன் மால்பேயில் ஒரு கோடைப் பள்ளி தொடங்கினார்கள். அது இன்றும் ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கிறது.

ஞாயிறன்று அவர்கள் கற்ற கடைசிப் பாட்டு ‘மூன்று மரியாக்களின் புலம்பல்’. பெரிய வெள்ளிக்குரிய பழம்பாட்டு. நம் ஆண்டவரின் தாய் தன் மகனைத் தேடி வருவதும், சிலுவையடியில் அழுவதும் அதில் வருகின்றன. எழுதியவர் யாரென்று தெரியாத அப்பாட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தவர்கள் பெண்கள். இத்தனைக்கும் இறந்தோருக்காக ஒப்பாரி வைப்பதை அந்நாட்டு ஆயர் மன்றங்கள் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே கண்டித்து வந்திருக்கின்றன. கண்டித்தது நின்றுவிட்டது, பாட்டு நிற்கவில்லை. “நம் அம்மாச்சி தபசு காலத்தில் பாடுவார்களே, அதேபோல இருந்தது மாமா. எனக்கு அழுகை வந்துவிட்டது” என்று முடித்திருந்தாள்.

அவள் அம்மாச்சி என்பது என் தாய்.

இவ்விடத்தில் ஒரு சிறு கிளைக்கதை. அயர்லாந்துக்கும் நம் சென்னைக்கும் உள்ள உறவு இந்தச் செவிலியர்களால் வந்ததன்று. 1841 முதல் 1868 வரை சென்னைத் திருச்சபையை ஆண்ட ஆயர் ஜான் பெனெல்லி அயர்லாந்துக்காரர். காணிக்கை மாதா சபைக் கன்னியர் 1842இல் அங்கிருந்தே வந்து இறங்கினர். அவர்களுக்கும் முன்பே அந்நாட்டு மெட்டு இங்கு வந்துவிட்டது. இளமையில் மணலியில் வாழ்ந்த முத்துசுவாமி தீட்சிதர், புனித ஜார்ஜ் கோட்டையில் வெள்ளையர் பாண்டு வாசிக்கக் கேட்டு, அம்மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் செய்தார். அவற்றை ‘நோட்டுஸ்வர சாகித்தியம்’ என்பர். அவற்றுள் மீனாட்சி அம்மையைப் பாடும் ‘வந்தே மீனாட்சி’, கார்க் மாவட்டத்து மேலோ நகரின் பெயர் தாங்கிய ஒரு நடன மெட்டு. கள்ளுண்டு களித்த வாலிபர்களைப் பற்றிய அந்த மெட்டு மதுரை அம்மனிடம் வந்து சேர்ந்திருக்கிறது! மெட்டுக்குக் குலமும் இல்லை, கடவுச்சீட்டும் வேண்டியதில்லை.

இம்மெட்டுகளை முதன்முதலில் அச்சேற்றியவர் ஒரு கத்தோலிக்கத் தமிழர் என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? அ. மு. சின்னசாமி முதலியார் சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றியவர்; இலத்தீன் கற்றவர். தியாகராசரின் கீர்த்தனைகளையும் பிறவற்றையும் மேனாட்டுச் சுரக் குறியீட்டில் எழுதி 1893இல் நூலாக வெளியிட்டார். அதற்காக உழைத்து உழைத்தே அவருடைய கண்பார்வை குன்றிற்று. தான் முடிக்க இயலாததை வேறொருவர் முடிக்க வேண்டுமென்று எட்டயபுரம் அரசரிடம் அவர் முறையிட்டதன் பயனே, 1904இல் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ என்னும் பெருநூல். ஏறத்தாழ அதே காலத்தில், கார்க் மாவட்டத்தில் பிறந்து அமெரிக்காவின் சிக்காகோவில் காவல்துறைத் தலைவராய் இருந்த பிரான்சிஸ் ஓநீல், 1850 அயர்லாந்து மெட்டுகளைத் திரட்டி 1903இல் வெளியிட்டார். அவருக்குச் சுரக் குறியீடு எழுதத் தெரியாது. மெட்டுகளை நினைவில் ஏந்திக்கொண்டு சென்று, எழுதத் தெரிந்த காவலர் ஒருவரிடம் ஒப்புவிப்பாராம்.

இனி வானகரத்துக்கு வருவோம்.

தங்கை மகளின் செய்தியை நான் நண்பர்களிடம் வாசித்துக் காட்டியதன் விளைவு, ‘நாமும் இரண்டு நாள் உட்காருவோமே’ என்ற யோசனை. செங்கற்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மணமாகி வந்த ஒரு மூதாட்டி வானகரத்தில் இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. சிலுவைப் பாதையின் பதினான்கு ஸ்தலங்களுக்கும் பதினான்கு புலம்பல்களைத் தம் மாமியாரிடமிருந்து வாய்மொழியாய்க் கற்றவர். ஊரில் அவரோடு சேர்ந்து பாடிய அவருடைய நாத்தனார் ஈராண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார். பெரியம்மா என்றே அவரை எல்லோரும் அழைக்கிறோம்.

சென்ற தவக்காலத்தின் மூன்றாம் வாரத்தில், ஒரு நண்பரின் வீட்டு மாடியில் கூடினோம். சனிக்கிழமை பன்னிரண்டு பேர். புறவழிச்சாலையும் பூந்தமல்லி நெடுஞ்சாலையும் அருகருகே ஓடும் ஊரில் ஒடுக்கம் என்றால் எப்படி இருக்கும்? லாரிகள் ஓயவில்லை. மீன் சந்தைக்குப் போகும் வண்டிகள் அதிகாலையிலேயே தொடங்கிவிடுகின்றன. ஓர் இளைஞர் கைபேசியில் ஒலிப்பதிவு செய்தார். கேட்டுப் பார்த்தபோது பெரியம்மாவின் குரலைவிட ஊதுகுழல் சத்தமே தெளிவாயிருந்தது.

நான் குறிப்பேடும் பேனாவுமாய் உட்கார்ந்தேன். பெரியம்மா அதைப் பார்த்தார். “அதை மூடி வை தம்பி. எழுதினால் கை கற்றுக்கொள்ளும், வாய் சும்மா இருந்துவிடும்” என்றார். கிளேர் மாவட்டத்து ஆசிரியரை இவர் அறியார். ஆனால் பாடம் நடந்த முறை அணுவும் பிசகாமல் அதுவே. ஓரடி பாடுவார், நாங்கள் பாடுவோம், தலையசைக்காமல் மீண்டும் அதையே பாடுவார். முதல் ஸ்தலத்தின் நான்கு அடிகளுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. இராகம் என்ன என்று ஒரு சர்ச்சை வேறு. சங்கீதம் கற்ற ஒருவர் முகாரி என்றார். மற்றொருவர் புன்னாகவராளி என்றார். பெரியம்மாவைக் கேட்டோம். “அழுகை” என்றார்.

புலம்பல் நம்மவர்க்குப் புதிதன்று. இலங்கையில் உழைத்த கோவா நாட்டுக் குரு ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (அவர் 1742இல் இறந்தார்) தமிழில் யாத்த ‘வியாகுல பிரசங்கம்’ யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் தபசு காலத்தில் இராகத்தோடு ஓதப்பட்டு வந்தது. நம் பக்கத்துக் கிராமப் பெண்களின் பாடல்களோ ஏட்டில் ஏறவே இல்லை. வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டுத் திருவழிபாட்டுக் கொள்கை விளக்கத்தில், மறைபரப்பு நாடுகளின் இசை மரபுகளைப் போற்ற வேண்டும் என்று கூறிற்று. நாம் தமிழில் பாடத் தொடங்கினோம்; நல்ல பாடல்கள் பல கிடைத்தன; அதை மறுப்பதற்கில்லை. எனினும் கீபோர்டு என்னும் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தி, பெரிய வெள்ளியன்றும் தாளத்தை ஓடவிடும் வழக்கம் சில இடங்களில் வந்திருக்கிறதே, அதை மரபைப் போற்றுதல் என்று என்னால் ஏற்க இயலவில்லை. ஒப்பாரி படிப்பில்லாதவர்களின் பழக்கம் என்று ஒதுக்கியவர்களுள் நானும் ஒருவன். ஆகையால் பிறரைக் குறை கூறும் உரிமை எனக்குக் குறைவு.

சொல்லத்தான் வேண்டும். 1984இல் எங்கள் வீட்டுக்கு ஒலிப்பதிவுப் பெட்டி வந்தது. அவ்வாண்டுத் தபசு காலத்தில் என் தாய் பாடியதை நானே ஒரு நாடாவில் பதிவு செய்தேன். பிற்பாடு, புது நாடா வாங்கக் காசில்லாத ஒரு நாளில், அதன்மேலேயே சினிமாப் பாட்டைப் பதிவு செய்துவிட்டேன். அம்மா அதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. 1997இல் காலமானார். இன்று அவர் பாடியவற்றுள் நான்காம் ஸ்தலத்தின் மெட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது, சொற்கள் இல்லை.

ஞாயிறன்று ஏழு பேரே வந்தோம். நான்காம் ஸ்தலம் வந்தது. தாயும் மகனும் வழியில் சந்திக்கும் இடம். பெரியம்மா தொடங்கினார்; நின்றார்; மறுபடி தொடங்கினார். “சொல் வருகிறது, இராகம் வரமாட்டேன் என்கிறது. இதை எப்போதும் என் நாத்தனார்தான் எடுத்துக் கொடுப்பாள்” என்றார். மூன்றாம் அடி முழுவதுமே மறந்துவிட்டது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அம்மாவின் மெட்டை வாய்க்குள் முனகிக் காட்டினேன். பெரியம்மா கண்ணை மூடிக் கேட்டார். “இது எங்கள் ஊர் இராகம் இல்லையே. தஞ்சாவூர்ப் பக்கமா?” என்றார். என் தாய் பிறந்தது அந்தப் பக்கந்தான்.

சொற்களை அம்மெட்டில் வைத்துப் பார்த்தோம். இரண்டு எழுத்து குறைந்தது. வெட்டிச் சேர்க்க ஒருவர் முற்பட்டார், பெரியம்மா விடவில்லை. ‘மகனே’ என்ற இடத்தில் ஏகாரத்தை இழுத்துப் பாடினார்; சரியாய் நின்றது. அன்று மாலை மூன்று மணி வரையிலும் அந்த ஒரு புலம்பலையே பாடிக்கொண்டிருந்தோம். நடுவில் சோறு உண்டது மட்டுமே ஓய்வு.

பெரிய வெள்ளியன்று பெரியம்மாவுக்குக் காய்ச்சல். கோவிலுக்கு வரவில்லை. நாங்கள் எழுவரும் பின்வரிசையில் நின்று, பங்குத்தந்தையின் அனுமதியோடு, நான்காம் ஸ்தலத்தில் மட்டும் பாடினோம். அன்றிரவு அவரே தொலைபேசியில் அழைத்தார்.

“நாலாவதைப் பாடினீர்களா தம்பி?”

“பாடினோம் பெரியம்மா.”

“மூன்றாம் அடிக்கு என்ன செய்தீர்கள்?”

“வாயை மூடிக்கொண்டு இராகத்தை மட்டும் இழுத்தோம்.”

சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்த அடியில் ‘முந்தானை’ என்று ஒரு சொல் வரும். அதற்கு மேல் தெரியவில்லை. காலையில் நினைவு வருமா பார்ப்போம்” என்றார்.

இதுவரை வரவில்லை. அடுத்த ஒடுக்கத்தைப் பெரியம்மாவின் வீட்டிலேயே வைத்துக்கொள்ள எண்ணியிருக்கிறோம். அவரால் இப்போது மாடிப்படி ஏற முடிவதில்லை. இதை வாசிக்கும் நேயர் எவர் வீட்டிலேனும், சிலுவைப் பாதையின் நான்காம் ஸ்தலத்துக்கு, மூன்றாம் அடியில் ‘முந்தானை’ என்ற சொல் வரும் புலம்பலைப் பாடும் பாட்டியோ பெரியம்மாவோ அத்தையோ இருந்தால், அருள்கூர்ந்து ஆசிரியர் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். எழுதுவதற்கு முன், அவர்களைப் பாடச் சொல்லி ஒரு தடவை உடன் பாடிவிடுங்கள்.