ஒரு வாரத்துக்கு எங்கே ஜாகை?

“குத்தாலம் போகிறோம்” என்று நான் சொன்னதுதான் தாமதம், பக்கத்து வீட்டு மாமி, “அருவியில் தண்ணீர் விழுகிறதாமா?” என்று கேட்டுவிட்டாள். அது குற்றாலம், மாமி, தென்காசிப் பக்கம். நான் சொல்வது காவிரிக் கரைக் குத்தாலம். அங்கே அருவி கிடையாது. உக்தவேதீஸ்வரர் கோயில் இருக்கிறது. வயலும் வாய்க்காலும் இருக்கின்றன. எங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று இருக்கிறது: சித்தி வீடு.

அந்தச் சித்தி வீடுதான் இந்த வாரத்து விஷயம்.

நவக்கிரக ஸ்தலங்களுக்குக் கிளம்புகிறவர்கள் படத்தை விரித்துப் பார்த்தால் குத்தாலம் நடுவில் நிற்கும். மேற்கே சூரியனார்கோவில், கஞ்சனூர், திருநாகேஸ்வரம், ஆலங்குடி. இன்னும் தள்ளித் திருவையாற்றுப் பக்கம் திங்களூர். கிழக்கே வைத்தீஸ்வரன்கோவில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு. மாயவரம் சுமார் 10 கிலோமீட்டர். கும்பகோணம் சுமார் 25. ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. இதைவிடச் சௌகரியமான ஜாகை வேறு எங்கே கிடைக்கும் என்று எண்ணித்தான், மூன்று வருஷத்துக்கு முன் நாங்கள் ஆறு பேர் சித்தி வீட்டில் போய் இறங்கினோம். ஏழு நாள்!

சித்தி முகத்தில் சந்தோஷத்துக்குக் குறைவே இல்லை. காலையில் நாங்கள் கிளம்புமுன் இட்லி தயார். இந்தப் பக்கத்துக் கோயில்களில் பெரும்பாலும் மத்தியானம் பன்னிரண்டு மணி சுமாருக்கு நடை சாத்தினால், சாயந்திரம் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். ஆகவே வெயிலில் வதங்கி வீடு திரும்புவோம். இலை போட்டுக் காத்திருப்பாள். இரவில் தோசை.

ஆறாம் நாள் இரண்டரை மணிக்குத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். சித்தி தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஆறிப்போன ரசஞ்சாதத்தைச் சாப்பிட்டுக் கொண்டிருந்தாள். “திருமணஞ்சேரி எப்படி இருக்குடி? நான் போய் வருஷக் கணக்காச்சு” என்றாள். குத்தாலத்திலிருந்து திருமணஞ்சேரி கூப்பிடு தூரம்! ஒன்பது கிரகத்தையும் நாங்கள் சுற்றி வந்தோம். சித்தியோ அடுப்பையே சுற்றி வந்திருக்கிறாள். அறுபத்து மூன்று வயது அவளுக்கு.

அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. யாத்திரையில் ஜாகை எங்கே என்று தீர்மானிக்கும்போது, அந்த வாரம் யார் சமைப்பது என்பதையும் சேர்த்துத்தான் தீர்மானிக்கிறோம். உறவினர் வீடு என்றால் அந்த வீட்டுப் பெண். அடுப்போடு கூடிய வாடகை வீடு என்றால் நாமேதான்! “செலவு மிச்சம்” என்று ஆண்கள் சொல்லும்போது, அது யாருடைய இடுப்பிலிருந்து மிச்சமாகிறது என்று கேளுங்கள்.

சென்ற வருஷம் மறுபடி கிளம்பினோம். இம்முறை ஏற்பாடே வேறு. ஒரே ஊரில் ஏழு ராத்திரியும் தங்கினால் பாதி நாள் காரிலேயே கழிகிறது. தினம் ஓர் ஊர் என்றால் மூட்டை கட்டுவதே வேலை. அதனால் இரண்டே ஜாகை: கும்பகோணத்தில் நாலு ராத்திரி, மாயவரத்தில் மூன்று. கும்பகோணத்திலிருந்து மேற்கு ஸ்தலங்கள் ஐந்தும் ஆயின. தாராசுரமும் தஞ்சைப் பெரிய கோயிலும் கூடப் பார்த்தோம். மாயவரத்திலிருந்து கிழக்கு நாலும், திருக்கடையூரும், டேனிஷ்காரர்கள் 1620-இல் கோட்டை கட்டத் தொடங்கிய தரங்கம்பாடிக் கடற்கரையும்.

அறை எடுக்குமுன் நான் போனில் கேட்ட கேள்விகளைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் அறை உண்டா, இல்லையேல் லிஃப்ட் உண்டா? முழங்கால் வலிக்காரர்கள் உட்காரும் கழிப்பறை இருக்கிறதா? வெந்நீர் விடியற்காலையிலேயே வருமா? ஜன்னல் பஸ் நிலையத்தைப் பார்த்ததா? (ஹாரன் சத்தம் தூங்க விடாது.) காப்பி எத்தனை மணிக்கு? மத்தியானம் நாலு மணி நேரம் அறையில்தான் கிடக்கப் போகிறோம் என்பதால், அழகைவிட நிழலும் காற்றும் முக்கியம்.

தேதியும் பாருங்கள். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடக்கும் நாளில் அங்கே அறை கிடைப்பது கஷ்டம். மாயவரத்திலிருந்து போய் வருவதே மேல். திருநள்ளாற்றுக்குச் சனிக்கிழமையைத் தவிர்த்தால் கூட்டம் குறைவு. ஐப்பசிக் கடைசி நாள் கடைமுழுக்கு. மாயவரம் நிரம்பி வழியும். 2028-இல் மகாமகம் வருகிறது; அப்போது கும்பகோணம் போகிறவர்கள் இப்போதே யோசிக்கலாம்!

இதையெல்லாம் ஏற்பாடு செய்துவிட்டுச் சித்திக்கு விஷயத்தைச் சொன்னேன். போனில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, “குத்தாலத்திலே வீடு இருக்கிறப்ப லாட்ஜிலே தங்கறீங்களா? நான் என்னடி குறை வச்சேன்?” என்றாள். குரல் கம்மிவிட்டது.

“குறை எதுவும் இல்லை, சித்தி. மாயவரத்து அறையிலே உங்களுக்கும் ஒரு கட்டில் சொல்லியிருக்கேன். வழியிலே வந்து உங்களை ஏத்திக்கறோம். மூணு நாளும் நீங்க எங்களோடதான்” என்றேன்.

“வீட்டை யார் பார்த்துப்பா? சித்தப்பாவுக்குச் சாப்பாடு?” இரண்டு நாள் இழுத்தாள். சித்தப்பாவே கடைசியில், “போய்ட்டு வா, எனக்குச் சாதம் வடிக்கத் தெரியும்” என்று சொல்லிவிட்டார்.

வழியில் உக்தவேதீஸ்வரரைத் தரிசித்துவிட்டு, திருமணஞ்சேரிக்குச் சித்தியை அழைத்துப் போனோம். மறுநாள் விடியற்காலை, அறைக் கதவைத் தட்டி ஒரு பையன் காப்பி கொண்டுவந்து வைத்தான். சித்தி கட்டிலில் உட்கார்ந்தபடியே டபராவைக் கையில் வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள்.

“டிகாக்‌ஷன் தண்ணி” என்றாள்.

ஆனால் எழுந்திருக்கவில்லை. கால் நீட்டி உட்கார்ந்து, நிதானமாக, முழுவதையும் குடித்து முடித்தாள்.