முக்குற்றத்தில் அடங்காத 14: வர்ம நூல்களின் நோய்ப்பகுப்பு

உலக நலவாழ்வு நிறுவனம் தனது பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகியவற்றின் நோய்ப்பெயர்களுக்கெனத் தனிப்பகுதி ஒன்றை 2024 சனவரியில் வெளியிட்டது. சித்த மருத்துவ நோய்ப்பெயர்கள் குறியீடு பெறுவது வரவேற்கத்தக்கதே. ஆயின், நாஞ்சில்நாடு உள்ளிட்ட குமரி மாவட்டத்தில் ஆசான்மார் போற்றிவரும் வர்ம நூல்களையும் அவ்வகைப்பாட்டினுள் கொணர முயல்வோர், வாதம், பித்தம், கபம் என்னும் முக்குற்றத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்வது பிழையாகும்.

வர்மம் 108 என்பது பெருவழக்கு. அத்தொகையை நூல்கள் மூவகையாகக் கூறிடுகின்றன. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்பது ஒன்று. தலைமுதல் கழுத்துவரை 25, கழுத்துமுதல் உந்திவரை 45, உந்தியின்கீழ் 9, கைகளில் 14, கால்களில் 15 என்பது மற்றொன்று. வாத வர்மம் 64, பித்த வர்மம் 24, கப வர்மம் 6, உள்வர்மம் 6, தட்டுவர்மம் 8 என்பது மூன்றாவது.

இம்மூன்றாம் பகுப்பே ஐயத்திற்குரியது. முக்குற்றமே இம்மரபின் மூல அடிப்படையாயின், உள்வர்மமும் தட்டுவர்மமுமாகிய 14 அதற்குப் புறத்தே நிற்க வேண்டுவதில்லை. ஒன்று ஆழத்தாலும் மற்றொன்று தாக்கும் முறையாலும் பெயர்பெற்றவை. களரியில் எழுந்த பழம்பகுப்பின்மேல் சித்த மருத்துவத்தின் பொதுச்சட்டகம் பின்னர் ஏற்றப்பட்டது என்றும், அதனுள் அடங்காதவை எச்சமாக நின்றன என்றும் கருதுவதே பொருந்தும்.

உறுப்புவழிப் பகுப்பு மேலை வகைப்பாட்டிற்கு அயலானதன்று. அதன் பத்தாம் பதிப்பும் காயங்களைத் தலையில் தொடங்கிப் பாதத்தில் முடியுமாறே அடுக்கியது. அடிபட்ட விதத்திற்கெனத் தனி இயலும் வகுத்தது. வேறுபாடு நோக்கத்தில் உள்ளது. 1893இல் பெர்த்தியோன் வகுத்த பட்டியல் இறப்பின் காரணங்களை எண்ணுவதற்காக எழுந்தது; நோயுற்றோர் கணக்கு 1948ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பில்தான் அதனுடன் இணைந்தது. வர்ம நூலோ, அடிபட்டவன் பிழைப்பானா, எத்தனை நாழிகைக்குள் இளக்குமுறை செய்தாக வேண்டும் என்றே முதலில் வினவுகிறது. தாக்குதலின் வன்மையைக் கால், அரை, முழு என மாத்திரைக் கணக்கில் அளப்பதும் அவ்வினாவிற்கு விடை காணவே. ஒரே இடத்தில் பட்ட அடி, மாத்திரைக்கேற்ப வேறு குறிகளையும் வேறு கெடுவையும் பெறுகிறது. இதனை 'வாத வர்மம்' என்னும் ஒற்றைப் பெயரில் பதிந்தால் படுவர்மத்தின் எச்சரிக்கையே மறைந்துவிடும்.

எனவே குறியீட்டிற்கு முன் மூலபாடம் செம்மையுற வேண்டும். ஓரிடத்திற்குப் பல பெயரும், ஒரு பெயர்க்குப் பல இடமும் சுவடிதோறும் காணப்படுகின்றன. இவற்றை ஒப்புநோக்கித் தீர்ப்பது மருத்துவரால் மட்டும் இயல்வதன்று. பாடவேறுபாடு அறிந்த தமிழாய்வாளரும், இடத்தைத் தொட்டுக்காட்டவல்ல ஆசானும் ஒருங்கே அமர வேண்டிய பணி அது. அச்சேறிய பதிப்புகள் சிலவற்றைக் கொண்டு அமையாது, ஆசான்மார் இல்லங்களில் எஞ்சியுள்ள ஏடுகளிலிருந்து அதனைத் தொடங்குதல் வேண்டும்.