பசுமைச் சான்றும் பத்து சதவீதக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தி.நகரிலும் அடையாறிலும் எழும் புதுக் கட்டடங்கள் பலவற்றின் முகப்பில் இப்போது 'பசுமைக் கட்டடம்' என்ற பலகையைப் பார்க்கிறோம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 'லீட்' என்ற பசுமைக் கட்டட முறையில் தங்கச் சான்று பெற்றபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். இந்தச் சான்றுகளுக்கு மதிப்பு இருக்க வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன்.

ஏசி வாயுவால் வரும் கேட்டுக்கு மதிப்பெண் போடும்போது, ஆண்டுக்கு 2 சதவீத வாயு கசியும், இயந்திரத்தின் ஆயுள் முடியும்போது 10 சதவீதம் காற்றில் போகும் என்று 'லீட்' கணக்கு வைத்துக்கொள்கிறது. அப்படியானால் மீதி 90 சதவீதத்தை யாரோ உறிஞ்சி எடுத்துப் பத்திரப்படுத்தியாக வேண்டும். மயிலாப்பூரில் அதை யார் செய்கிறார்கள்? கம்ப்ரஸர் ஓடினால் 'பம்ப் டவுன்' செய்து வாயுவை அவுட்டோர் யூனிட்டிலேயே அடைத்துவிடலாம். கம்ப்ரஸர் போய்விட்டால் வாயுவை உறிஞ்சத் தனி இயந்திரம் வேண்டும். எங்கள் குடியிருப்பில் பழைய ஏசிகளைக் கழற்ற வந்தவர்களிடம் அது இல்லை. செப்புக் குழாயின் நட்டைத் தளர்த்திவிட்டு, 'உஸ்' சத்தம் அடங்கும்வரை மொட்டை மாடியில் காத்திருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பிடித்த வாயுவை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள்? ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ என்ற வாயு ஒரு கிலோ வெளியேறினால் சுமார் 2,000 கிலோ கரியமில வாயு வெளியேறியதற்குச் சமம்.

ஏசி வாயு தீர்ந்த காலி சிலிண்டர் விஷயம் இன்னும் மோசம். ஒருமுறை மட்டுமே பயன்படும் மெல்லிய சிலிண்டர்களை விற்பனைக்கு விட ஐரோப்பிய ஒன்றியம் 2007-லேயே தடை போட்டது. எங்கள் பகுதியில் அவை காயலான் கடைக்குப் போவதைப் பார்க்கிறேன். காலி என்றாலும் உள்ளே கொஞ்சம் வாயு மிஞ்சியிருக்கும். கேஸ் கட்டரால் வெட்டினால் அது தீயில் பட்டு ஹைட்ரஜன் ஃப்ளோரைடு போன்ற நச்சுகளாக மாறும். முகமூடிகூட இல்லாத தொழிலாளி அதைச் சுவாசிக்கிறார். இது அநியாயம்.

ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் சேர்ந்தது. ஆர்-410ஏ போன்ற வாயுக்களைக் குறைக்க அதில் செய்யப்பட்ட கிகாலி திருத்தத்தை 2021-இல் ஏற்றது. டெல்லி கொடுத்த வாக்கு மந்தைவெளிக்கு எப்போது வரும்? மாநகராட்சியின் தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டலங்களில் தலா ஒரு சேகரிப்பு மையமாவது திறக்க வேண்டும். உறிஞ்சும் இயந்திரத்தை அங்கேயே மெக்கானிக்குகளுக்குக் குறைந்த வாடகைக்குத் தரலாம். சான்று தரும் அமைப்புகளும் ஆண்டுதோறும் எத்தனை கிலோ வாயு நிரப்பப்பட்டது, காலி சிலிண்டர் யாரிடம் போனது என்பதற்கு ரசீது கேட்கட்டும். ரசீது காட்டாத கட்டடத்திலிருந்து பசுமைப் பலகையை இறக்கச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
மந்தைவெளி வாசகர்,
சென்னை-28