விற்றால்தான் விலை

மண்ணில் போட்ட பணம் வீண் போகாது என்று சொல்லாத குடும்பம் தமிழ்நாட்டில் அரிது. ஓய்வூதியப் பணம் கைக்கு வந்தாலும், வளைகுடாவில் இருக்கும் பிள்ளை சேமிப்பை அனுப்பினாலும் முதலில் எழும் யோசனை, புறநகரில் ஒரு மனை வாங்கிவிடலாம் என்பதுதான். சென்னையில் ஒரு காலத்தில் அது தாம்பரம், பிறகு கூடுவாஞ்சேரி, பிறகு சிங்கப்பெருமாள் கோவில். இப்போது மதுராந்தகமும் தாண்டி திண்டிவனம் சாலையில் கொடி கட்டிய மனைப்பிரிவுகள் நிற்கின்றன. பங்குச் சந்தை சரியும், தங்கம்கூட ஏறி இறங்கும், மனை மட்டும் இறங்கவே இறங்காது என்பது இந்த நம்பிக்கையின் சாரம். நகரம் வளர்கிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், நகரத்தின் வளர்ச்சி அதன் விளிம்பில் இருக்கும் ஒவ்வொரு அரை கிரவுண்டுக்கும் தானாக வந்து சேரும் என்பதற்கு ஆதாரம் எங்கே? வாங்குகிறவன் பணத்தை எடுத்து வைக்கும்வரை மனைக்குச் சொல்லப்படும் விலை வெறும் எதிர்பார்ப்புதான். அந்த எதிர்பார்ப்பைத்தான் நாம் சொத்துக் கணக்கில் எழுதிக்கொள்கிறோம்.

இறங்காது என்பது உண்மையா என்று முதலில் பார்ப்போம். பத்திரப்பதிவுக்குத் தான் நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பைத் தமிழக அரசு 2012 ஏப்ரலில் பெருமளவு உயர்த்தியது. 2016 செப்டம்பரில், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. கையில் முறையான பத்திரம் வைத்திருந்தவர்கள்கூட அவசரத்துக்கு விற்க முடியாமல் தவித்தார்கள். 2017 மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்த பிறகுதான் வழி திறந்தது. அதற்கடுத்த மாதமே அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. அது 2012 அளவுக்குத் திரும்பியது 2023 ஏப்ரலில். பதினோரு ஆண்டுகளில் ஏறிய தூரம் பூஜ்யம்! வழிகாட்டி மதிப்பு அரசு போடும் எண், சந்தை விலை வேறு என்று உடனே பதில் வரும். வேறுதான். ஆனால் சந்தை ஏறிக்கொண்டே இருந்தால் அரசின் எண் சந்தைக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வரும்; வருமானத்தை விட்டுக்கொடுத்து அதைக் குறைக்க எந்த அரசும் முன்வராது. பல இடங்களில் அந்த எண்ணுக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதால்தான் குறைக்க நேர்ந்தது. வருமான வரிச் சட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது: வழிகாட்டி மதிப்பைவிடக் குறைந்த விலைக்கு விற்றால் 2018-இல் 5 சதவீதம் வரையும், 2020-இல் 10 சதவீதம் வரையும் வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ள வழி செய்தார்கள். அரசு போட்ட எண்ணுக்கும் கீழே நேர்மையான விற்பனை நடக்கக்கூடும் என்பதை ஏற்றுக்கொள்ளாமல் இப்படி ஒரு திருத்தம் வருமா?

மனை வியாபாரிகள் அதிகம் பயன்படுத்தும் வாதம் இன்னொன்று: பூமியைப் புதிதாகச் செய்ய முடியாது, ஆகவே விலை ஏறியே தீரும். பூமியைச் செய்ய முடியாது, சரி. மனையைச் செய்யலாம், அன்றாடம் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. சாலைக்கும் பூங்காவுக்கும் நாற்பது சதவீதம் போனால்கூட இருபதுக்கு மேற்பட்ட அரை கிரவுண்டு மனைகள் தேறும். நேற்று நெல் விளைந்த இடத்தில் பொக்லைன் விட்டு, ஜல்லி கொட்டி, கல் நட்டால் இன்று மனை. சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. அதை 5,904 ஆக விரிக்க 2022-இல் அரசாணை வந்தது. விளம்பரங்கள் இதை விலை ஏறுவதற்கான காரணமாகக் காட்டின. மனைப்பிரிவு போடத்தக்க வயல்கள் எத்தனை ஆயிரம் ஏக்கர் அந்தக் கோட்டுக்குள் வந்திருக்கின்றன என்று கணக்குப் போட்டால் முடிவு வேறு மாதிரி இருக்கும். சரக்கு பெருகப் பெருக விலை ஏறும் சந்தை எதுவும் இல்லை.

மனையை விற்கப் போகும் நாளில்தான் முழு விஷயமும் புரிகிறது. முதலீடு என்று வாங்கியவர் பத்து ஆண்டு கழித்து விற்க முயலும்போது அவருக்குப் போட்டி யார்? அவருக்கு விற்ற அதே நிறுவனம்தான். சாலைக்கு அந்தப் பக்கம் "இரண்டாம் கட்டம்" திறந்திருக்கும். அங்கே மாதத் தவணை உண்டு, வங்கிக் கடனுக்கு ஆள் உண்டு, இலவசப் பத்திரப்பதிவு உண்டு, சில சமயம் தங்கக் காசும் உண்டு. வேன் வைத்து அழைத்துப் போய் மதியச் சாப்பாடும் போடுவார்கள். தனி ஆளிடம் இருப்பதோ முள் மண்டிய ஒரு மனையும் ஒரு பைல் காகிதமும். அவரிடம் வாங்குகிறவர் முத்திரைத்தாளுக்கும் பதிவுக்குமாக 9 சதவீதம் கைக்காசு போட வேண்டும். தரகர் கமிஷன் தனி. ஏக்கர் கணக்கில் வாங்கிச் சதுர அடிக் கணக்கில் விற்றவர் தம் லாபத்தை முதல் விற்பனையிலேயே எடுத்துவிட்டார். வரப்போகும் ரயில் நிலையம், வரப்போகும் விமான நிலையம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அன்றைக்கே விலை வைத்தாயிற்று. பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு 2022-இல் வந்தது. அதைக் காட்டி விற்ற மனையில் எதிர்காலத்துக்கான காசை வாங்கியவர் முன்கூட்டியே கொடுத்துவிட்டார். விமானம் இறங்கினாலும் இனி ஏறுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

வேளச்சேரியைப் பார்க்கவில்லையா, எண்பதுகளில் வாங்கியவர்கள் இன்று கோடீஸ்வரர்கள் என்பார்கள். வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் வந்தது, பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி நிறுவனங்கள் வந்தன. அப்படி எதுவும் வராத ஊர்களில் அதே ஆண்டுகளில் வாங்கியவர்கள் கல்யாண வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஜெயித்தவர்கள் மட்டுமே பேசுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றுபோனது. ஒற்றைத் தொழிற்சாலையை நம்பி மனை வாங்குவது எத்தனை ஆபத்து என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஜெயித்த கதைகளிலும் வட்டிக் கணக்கு இருப்பதில்லை. 2008-இல் ஐந்து லட்சத்துக்கு வாங்கிய மனை 2024-இல் பதினைந்து லட்சத்துக்குப் போனது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மடங்கு என்றதும் வாய் பிளக்கிறோம். கூட்டு வட்டியில் அது ஆண்டுக்கு 7.1 சதவீதம்தான். பத்திரச் செலவு, வேலி, தரகு என்று அரை லட்சம் சேர்த்தால் ஆறரைக்கு இறங்கும். அதே பதினாறு ஆண்டுகளில் பொது வருங்கால வைப்பு நிதி ஒருபோதும் 7.1-க்குக் கீழே வட்டி தரவில்லை. சில ஆண்டுகள் 8.8 வரை தந்தது, அதுவும் வரியில்லாமல். தங்கம் ஐந்து மடங்குக்கு மேல் போனது.

இப்போது மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டம் வந்துவிட்டது, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அங்கீகாரம் இருக்கிறது, பயமில்லை என்பது புதிய ஆறுதல். அங்கீகாரம் சாலை அகலத்தையும் பூங்கா இடத்தையும் சரிபார்க்கும். பதினைந்து ஆண்டு கழித்து ஆள் வருவாரா என்று அது சொல்லாது. ஊரில் இல்லாத உரிமையாளரின் காலி மனையைப் போலிப் பத்திரம் போட்டு விற்பதும், கல்லைப் பிடுங்கி நடுவதும் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு, 2011-இல் மாவட்டந்தோறும் நில அபகரிப்புத் தடுப்புக்குத் தனிக் காவல் பிரிவு தொடங்க வேண்டி வந்ததே போதும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, மனைப்பிரிவின் வரைபடத்தில் காட்டாத அடையாற்றின் வழி எது என்பதும் தெரிந்தது.

இதற்கெல்லாம் மதிக்கத்தக்க எதிர்வாதம் ஒன்றே ஒன்று உண்டு: மனைத் தவணை என்ற கட்டாயம் இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்கள் எதையுமே சேமித்திருக்க மாட்டோம் என்பது. உண்மைதான். ஆனால் கட்டாயத்துக்குத் தபால் நிலையத்தில் தொடர் வைப்பு இருக்கிறது. மூன்று ஆண்டு கழிந்தால் அவசரத்துக்கு அதை உடைக்கலாம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு மனையின் ஒரு மூலையை மட்டும் விற்க முடியாது. இரண்டு மூன்று ஆண்டில் வீடு கட்டிக் குடிபோக வாங்குகிறவருக்கு என் வாதம் எதுவும் பொருந்தாது. அவர் விலைக்காக வாங்கவில்லை. சொல்லப்போனால் அவரைத்தான் மற்றவர்கள் வதைக்கிறார்கள். நூறு மனையில் பத்து வீடு எழும்பி, தொண்ணூறு காலியாகக் கிடக்கும் இடத்துக்குப் பேருந்தும் வராது, குடிநீர்க் குழாயும் வராது. பக்கத்து மனையில் தேங்கிய தண்ணீர்தான் வரும்.

முன்பணம் கொடுக்குமுன் ஒரு காரியம் செய்யலாம், அதற்குச் செலவும் இல்லை. அதே ஊரில் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன் போட்ட ஒரு மனைப்பிரிவின் சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தைப் போட்டுப் பார்க்கலாம். நிறுவனம் விற்ற கிரயங்கள் வரிசையாக வரும். அவற்றுக்குக் கீழே, வாங்கியவர் இன்னொருவருக்கு விற்ற கிரயங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.