நோட்டிங் இல்லாத பைல்

"நிபுணர் குழு, பரிசீலனை என்று இழுத்தடிக்காமல் பணத்தைக் கொடுங்கள், புற்றுநோய்க்கு மருந்து தானே வரும்." கடற்கரைச் சாலையில் காலையில் நடக்கும்போது எங்கள் பென்ஷன்காரர் ஒருவர் இப்படிச் சொன்னார். தலையாட்டியவர்கள் நாலு பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநில மக்கள் 2007ல் ஓட்டுப் போட்டு, புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கடன் பத்திரம் மூலம் 300 கோடி டாலர் திரட்ட ஒப்புக்கொண்டார்கள். அறிவியல் பிரிவின் தலைவர் ஆல்பிரட் கில்மன், 1994ல் நோபல் பரிசு வாங்கியவர். அங்கே விண்ணப்பங்களை எடைபோட்ட விஞ்ஞானிகள் அத்தனை பேரும் வெளிமாநிலத்தவர். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. உள்ளூர்க்காரர் என்றால் மச்சான், பழைய மாணவன், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராவது வந்து நிற்பார் அல்லவா?

2012ல் 2 கோடி டாலர் மானியம் ஒன்று அந்த விஞ்ஞானிகள் கண்ணில் படாமலே ஒப்புதல் ஆனது. அது வியாபாரத் திட்டமாம், அவர்கள் பார்க்க வேண்டியதில்லையாம். கில்மன் ராஜினாமா செய்தார். பரிசீலனைக் குழுத் தலைவர் பிலிப் ஷார்ப், அவரும் நோபல்காரர், வெளியேறினார். பின்னாலேயே பல விஞ்ஞானிகள் போனார்கள். பிறகு பழைய பைல்களைப் புரட்டியபோது, ஒரு மருந்துக் கம்பெனிக்கு 1 கோடியே 10 லட்சம் டாலர் எந்தப் பரிசீலனையும் இல்லாமல் அனுமதிக்கப்பட்டிருந்ததும் தெரிந்தது.

யாரோ சுருட்டிவிட்டான் என்று முடிவு கட்டாதீர்கள். சுருட்டிய கதை வேறு. பிரான்சில் ஆர்க் என்ற புற்றுநோய்ச் சங்கத்தில், நன்கொடையில் பெரும்பகுதி ஆராய்ச்சிக்கே போகவில்லை என்று 1996ல் தணிக்கை மன்றம் சொன்னது. தலைவர் க்ரோஸ்மரி சிறைக்குப் போனார். டெக்சாசிலோ, வழக்கில் நிறுத்தப்பட்ட அதிகாரியை 2014ல் ஜூரி விடுவித்துவிட்டது. திருடன் இல்லை, ஆனால் வேலியில் ஓட்டை இருந்தது. அதைத்தான் நான் பெரிய ஆபத்து என்பேன். நானும் காலமெல்லாம் பைல் பார்த்தவன். நோட்டிங் இல்லாமல் ஆர்டர் வந்தால் கீழே இருப்பவன் கேட்க முடியாது, மேலே இருப்பவன் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை.

தாமதம் என்கிறீர்களே, அங்கே தாமதம் எதனால் வந்தது? குறுக்கு வழியில் போனதால்தான் புது மானியங்கள் 2012 டிசம்பரிலிருந்து பத்து மாதம் நின்றுபோயின. புற்றுநோய்க்காரருக்குப் பத்து மாதம் என்றால் என்னவென்று, வீட்டில் ஒருவரை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

2013ல் சட்டத்தைத் திருத்தினார்கள். விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கத் தனி அதிகாரி வந்தார். ஒவ்வொரு மானியத்துக்கும் மேற்பார்வைக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். பரிந்துரையை ஏற்காவிட்டால் காரணத்தைக் கூட்டக் குறிப்பில், நாங்கள் பள்ளியில் புரோசே-வெர்பால் என்று படித்தோமே, அதில் எழுதியாக வேண்டும். 2019ல் அதே மக்கள் இன்னொரு 300 கோடி டாலருக்கு ஓட்டுப் போட்டார்கள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் ஒப்பவில்லை. மேற்பார்வைக் குழுவின் 9 பேரையும் கவர்னர், துணை கவர்னர், சட்டசபைச் சபாநாயகர் ஆகிய மூவரும் தலைக்கு மூன்றாகப் பங்கு போட்டு நியமிக்கிறார்கள். அதில் ஒரு நாற்காலியையாவது அந்த வெளிமாநில விஞ்ஞானிகள் நிரப்பும்படி விட்டிருக்கலாம்.