ரெய்டரைத் திட்டுறதுக்கு முன்னாடி என்னைத் திட்டுங்க

போன மாசம் மண்டல அரையிறுதியில நாம தோத்த அன்னைக்கு ராத்திரி குரூப்ல ஒரு மீம் சுத்துச்சு. நம்ம ரெய்டர் கோட்டுக்கு வெளியே தலையில கை வெச்சு உட்கார்ந்திருக்கிற போட்டோ. கீழே "பில்டப்ல புலி, மேட்ல எலி"ன்னு ஒரு வரி. நீங்களும் பார்த்திருப்பீங்க, சிரிச்சிருப்பீங்க. உண்மையைச் சொல்லணும்னா நானும் சிரிச்சேன்.

இப்போ அந்த போட்டோவை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க. அவன் ஏன் வெளியே உட்கார்ந்திருக்கான்? அவுட் ஆகிட்டான், சரி. ஆனா ஏன் அவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்கான்? அதுக்கான பதில் அந்த போட்டோவுக்குள்ள இல்ல. அந்த நேரத்துல மேட்டுக்குள்ள நின்னுட்டிருந்த லெஃப்ட் கவர்கிட்ட இருக்கு. அந்த லெஃப்ட் கவர் நான்தான்.

கபடி பார்க்காதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பார்க்கிறவங்க இந்தப் பத்தியைத் தாண்டிப் போயிடலாம். ஒரு டீமுக்கு மேட்ல ஏழு பேர். ரெய்டர் 30 செகண்டுக்குள்ள எதிர்ப்பக்கம் போய் யாரையாவது தொட்டுட்டு திரும்பணும். பிடிபட்டா அவுட். அவுட் ஆனவன் தானா உள்ளே வர முடியாது. அவன் டீம் எதிராளி ஒருத்தனை அவுட் ஆக்கினாத்தான் வெளியே இருக்கிறவங்கள்ல ஒருத்தன் உள்ளே வரலாம். அதுவும் முதல்ல யார் அவுட் ஆனாங்களோ அவங்கதான் முதல்ல. போனஸ் கோட்டைத் தொட்டு எடுக்கிற பாயிண்ட் இதுக்கு உதவாது. ஸ்கோர் ஏறும், ஆள் ஏற மாட்டான்.

அதாவது, நம்ம பெரிய ரெய்டர் மூணாவதா அவுட் ஆனா, மீதி இருக்கிறவங்க மூணு பேரை அவுட் ஆக்கினாத்தான் அவன் திரும்ப மேட்டைப் பார்ப்பான். இல்லைன்னா டீம் மொத்தமா லோனா ஆகி எல்லாரும் சேர்ந்து உள்ளே வரணும். அதுவரைக்கும் அவன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் பார்வையாளன்தான். உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கான், அவ்வளவுதான்.

நம்ம செமி ஃபைனல்ல நடந்தது இதுதான். ரெண்டாவது பாதியில எதிர் டீம் ரெய்டர் உள்ளே வந்தான். கார்னர்ல இருக்கிறவன் காலைப் பிடிக்கணும், அப்புறம் நான் மேலே பாயணும். பிராக்டிஸ்ல நூறு தடவை செஞ்சது. அன்னைக்கு நான் கார்னருக்காகக் காத்திருக்கல. அவசரப்பட்டு முன்னாடியே பாய்ஞ்சேன். அட்வான்ஸ் டேக்கிள்னு சொல்வாங்க. என்னையும், என்னைக் காப்பாத்த வந்த இன்னொருத்தனையும் தொட்டுட்டு அவன் போயிட்டான். அடுத்த ரெய்டுல இன்னொருத்தன் காலி. ரிவைவ் பண்ண ஆள் இல்லாம நம்ம ரெய்டர் வெளியே உட்கார்ந்தே இருந்தான். அப்போ எடுத்ததுதான் அந்த போட்டோ.

கோடி ரூபாய் உதாரணம்

"நீ உன் ஃபிரெண்டைக் காப்பாத்த எழுதுற"ன்னு சொல்வீங்க. அதனால நம்ம காலேஜை விட்டுட்டு, எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு ஆளை எடுத்துக்கலாம். பவன் செராவத்.

2018-19 புரோ கபடி சீசன்ல பெங்களூரு புல்ஸ் சாம்பியன். 2019 ஜனவரி 5-ம் தேதி நடந்த ஃபைனல்ல குஜராத்தை 38-33ன்னு ஜெயிச்சாங்க. பவன் மட்டும் 22 பாயிண்ட். அன்னையில இருந்து அவர் ஸ்டார். 2022 ஏலத்துல நம்ம தமிழ் தலைவாஸ் அவரை 2.26 கோடிக்கு எடுத்தாங்க. அதுவரைக்கும் அந்த லீக்ல யாருக்கும் கொடுக்காத விலை. தலைவாஸ் அதுக்கு முன்னாடி ஒரு தடவைகூட பிளே-ஆஃப் பார்க்காத டீம். 2019-ல் ராகுல் சவுத்ரி, அஜய் தாக்கூர், மன்ஜீத் சில்லர்னு போஸ்டர் முழுக்கப் பெரிய பேரா வெச்சுக்கிட்டு 12 டீம்ல 12-வதா முடிச்சவங்க. அதனால எதிர்பார்ப்பு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

முதல் மேட்ச், குஜராத்தோட. ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே பவனுக்கு முழங்கால்ல அடி. சீசன் முடிஞ்சது. எங்க வீட்டு டிவி முன்னாடி சாவு வீடு மாதிரி இருந்துச்சு. "அவ்ளோதான், இந்த வருஷமும் கடைசி"ன்னு எங்க மாமா எழுந்து போயிட்டார்.

ஆனா அந்த வருஷம்தான் தலைவாஸ் முதல் தடவையா செமி ஃபைனல் வரைக்கும் போச்சு. நரேந்தர்னு ஒரு புதுப் பையன், அதுதான் அவனுக்கு முதல் சீசன், 243 ரெய்டு பாயிண்ட் எடுத்தான். எல்லாரும் அவனைப் பத்திப் பேசினோம். ஆனா அவன் அத்தனை தடவை ரெய்டு போக முடிஞ்சது எப்படி? ரைட் கார்னர்ல சாகர், லெஃப்ட் கார்னர்ல சாஹில் குலியா, நடுவுல கவர்ல நம்ம ஊர் அபிஷேக். அவங்க பிடிச்சுப் போட்டுக்கிட்டே இருந்தாங்க, நரேந்தர் திரும்பத் திரும்ப உள்ளே வந்துக்கிட்டே இருந்தான். எலிமினேட்டர்ல உ.பி. யோத்தாஸை டை-பிரேக்கர்ல தட்டினாங்க. செமியில புனேகிட்ட 39-37ன்னு ரெண்டே பாயிண்ட்ல விட்டாங்க.

கதை இன்னும் முடியல. காலு சரியாகி பவன் அடுத்த ஏலத்துக்கு வந்தார். தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்தாங்க. அவர் ஏமாத்தல. அந்த சீசன்ல 200-க்கு மேல ரெய்டு பாயிண்ட். டைட்டன்ஸ் என்ன ஆனாங்க? 22 மேட்ச்ல 2 வெற்றி. 12-வது இடம்.

அதே பவன். பெங்களூருல கப். ஹைதராபாத்ல கடைசி இடம். அவரை எடுத்த ஊரே, அவர் இல்லாம, செமி ஃபைனல். இந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டு, "ரெய்டர் மோசம், அதனால டீம் தோத்துச்சு"ன்னு இனிமே உங்களால ஒரே மூச்சுல சொல்ல முடியுமா?

அப்போ ஸ்டாரே வேண்டாமா?

இங்கதான் நிறைய பேர் அடுத்த பக்கம் சாய்ஞ்சிடுறாங்க. "எல்லாம் டீம்தான், தனி ஆள் ஒண்ணுமே இல்ல." அதுவும் பொய். தலைவாஸ் அடுத்த சீசன்லயும் சாகர், சாஹில் குலியாவோடதான் ஆடினாங்க. பிளே-ஆஃப் போகல. பிடிக்கிறவங்க மட்டும் போதாது, பாடிப் போறவனும் வேணும்.

நம்ம எல்லாரும் எஸ்.ஓ.எம். பேப்பர்ல காலம் பக்ளிங் படிச்சோம் இல்லையா? ஆய்லர் ஃபார்முலா. ஒரே இரும்பு, ஒரே குறுக்குவெட்டு, ஒரே நீளம். ரெண்டு முனையும் பின் ஜாயிண்ட்னா ஒரு லோடு தாங்கும். ரெண்டு முனையையும் ஃபிக்ஸ் பண்ணா அதைப் போல நாலு மடங்கு. ஒரு முனையை மட்டும் ஃபிக்ஸ் பண்ணிட்டு மேல் முனையை அம்போன்னு விட்டா கால் பங்கு. காலுக்கும் நாலுக்கும் நடுவுல 16 மடங்கு. தூண் மாறவே இல்ல. அது எப்படி நிக்குதுங்கிறது மட்டும்தான் மாறுச்சு.

ஆனா அதே ஃபார்முலாவுல மேலே இ-யும் ஐ-யும் இருக்கு. அது தூணோட சொந்தச் சரக்கு. துடைப்பக் குச்சியை ரெண்டு பக்கமும் ஃபிக்ஸ் பண்ணி வெச்சா மேம்பாலம் நிக்காது. அதனால ஒரு ரெய்டரை மதிப்பிடணும்னா ரெண்டையும் கேட்கணும்: அவன்கிட்ட என்ன இருக்கு, அவனை எதுல நிறுத்தி வெச்சோம்.

அமெரிக்காவுல அவங்க ஃபுட்பாலுக்கு இதே தலைவலி. காலேஜ்ல ஆடுற குவார்ட்டர்பேக்கைப் பார்த்துத்தான் புரொஃபஷனல் டீம்கள் ஆள் எடுக்கும். முன்னாடி நின்னு காப்பாத்துறவங்களும் பந்தைப் பிடிக்கிறவங்களும் நல்லா இருந்தா யாரும் ராஜா மாதிரி தெரிவாங்க. 2000-ல் டாம் பிராடியை 199-வது ஆளாத்தான் எடுத்தாங்க. அவர் ஏழு தடவை சாம்பியன் ஆனார். 2007-ல் முதல் ஆளா எடுத்த ஜமார்கஸ் ரஸ்ஸல் மூணே சீசன்ல காணாமப் போயிட்டார். அத்தனை பணம், அத்தனை வீடியோ, அத்தனை நிபுணர்கள் இருந்தும் அவங்களே தூணையும் தாங்கியையும் பிரிச்சுப் பார்க்கத் தடுமாறுறாங்க. நாம ஒரு போட்டோவை வெச்சு முடிவு பண்ணிட்டோம்.

சரி, நம்ம ஆளுக்கு வருவோம்

அவன் பேரைப் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டான். ஆனா அவனுக்காக நான் வெள்ளையடிக்கப் போறதில்ல. அன்னைக்கு அவன்மேலயும் தப்பு இருந்துச்சு. எதிர்ப்பக்கம் ஆறு பேர் நிக்கும்போது போனஸுக்கு ஆசைப்பட்டு ஆழமா இறங்கினான். நமக்கு அப்போ லீட் இருந்துச்சு, நேரத்தைக் கடத்திட்டு வந்தாலே போதும். "எம்ப்டி வாடா"ன்னு நாங்க கத்தினது அவன் காதுல விழுந்துச்சு. ஆனாலும் போனான், பிடிபட்டான். அது அவனோட முடிவு, அவனோட தப்பு. அதுக்கு அப்புறம் வெளியே உட்கார்ந்திருந்த நேரம் எங்களோடது.

இன்னும் ஒண்ணு. இதை எழுதலாமான்னு ரொம்ப யோசிச்சேன். அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.

அவன் வீடு எண்ணூர்ல, முகத்துவாரத்துக்குப் பக்கத்துல. நாம செகண்ட் இயர் படிக்கும்போது, 2023 டிசம்பர்ல, மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆத்துல கலந்தது ஞாபகம் இருக்கா? நமக்கு அது நியூஸ். ரெண்டு நாள் ஸ்டேட்டஸ் வெச்சோம். அவன் வீட்டுல படகு கருப்பாச்சு, வலை வீணாச்சு, அவன் அப்பா எத்தனையோ நாள் ஆத்துல இறங்கல. அவன் ஒரு மாசத்துக்கு மேல பிராக்டிஸுக்கு வரல. காலையில மீன் கூடை தூக்குற வேலை இல்லைன்னதும் வேற கூலி வேலைக்குப் போயிட்டிருந்தான். அது எங்களுக்குத் தெரியாது. "ஸ்டார் ஆகிட்டான்ல, ஆட்டிட்யூட்"னு பேசினோம். நானும்தான் பேசினேன்.

நாம விடிகாலையில மண் கிரவுண்டுல பிராக்டிஸ் பண்றோம், கன்டெய்னர் லாரி கிளப்புற புழுதியில. மேட்ச் நடக்கிறது மேட்ல. மேட்ல ஷூ போட்டா கால் ஒட்டும், திரும்பும்போது இழுக்கும். அது பழகணும். நம்ம டீம்ல நல்ல கபடி ஷூ எல்லாருக்கும் கிடையாது, மாத்தி மாத்திப் போட்டுத்தான் போறோம். அவன் எங்க விழுந்தான்னு எல்லாரும் பார்த்தீங்க. யாரோட ஷூவுல விழுந்தான்னு எங்களுக்குத்தான் தெரியும்.

ஏன் இப்போ எழுதுறேன்?

ஏன்னா யுனிவர்சிட்டி டீம் டிரையல்ஸ் வருது. நம்ம காலேஜ்ல இருந்து ரெண்டு பேரை அனுப்பலாம். அவன் பேர் வேண்டாம்னு ஒரு பேச்சு ஓடுது. காரணமா காட்டுறது ஒரு பேப்பர். அதுல ஒவ்வொரு மேட்ச்லயும் எத்தனை ரெய்டு பாயிண்ட்னு மட்டும் இருக்கு. ஃபைனல் இயர், அவனுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. யுனிவர்சிட்டி டீம்ல ஆடின சர்டிஃபிகேட் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு விண்ணப்பம் போடும்போது எவ்வளவு பேசும்னு உங்களுக்குத் தெரியும். நம்மள்ல பாதிப் பேருக்கு அது தேவைப்படாது. அவன் வீட்டுக்கு அது தேவை.

அவனைத்தான் அனுப்பணும்னு நான் சொல்லல. அவனைவிட நல்லா ஆடுற ஜூனியர் இருந்தா அவன் போகட்டும். ஆனா அந்தப் பேப்பர்ல இன்னும் நாலு காலம் சேருங்க. ரெய்டு போகும்போது எதிர்ல எத்தனை பேர் நின்னாங்க? அது டூ ஆர் டை ரெய்டா, சும்மா போனதா? அவுட் ஆன பிறகு எவ்வளவு நேரம் வெளியே இருந்தான்? அந்த நேரத்துல உள்ளே இருந்தவங்க எத்தனை டேக்கிள் விட்டாங்க? வீடியோ இருக்கு. ரெண்டு பேர் உட்கார்ந்தா ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிடும். நான் என் மேட்ச் ஒண்ணை மட்டும் அப்படி எழுதிப் பார்த்தேன். கடைசி காலத்துல என் பேர்தான் அதிகமா வந்துச்சு.

சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு கிரவுண்டுல பிராக்டிஸ் மேட்ச் வெச்சிருக்கோம். வாங்க. அவன் ரெய்டு போகும்போது எல்லாரும் பார்ப்பீங்க, அது தெரியும். அவன் வெளியே வந்து உட்கார்ந்ததும் கொஞ்சம் கண்ணை உள்ளே திருப்பி எங்க ஆறு பேரையும் பாருங்க.

மீம் போடணும்னா போட்டோ நானே அனுப்புறேன். லெஃப்ட் கவர், காத்துல பாய்ஞ்சு, கையில ஒண்ணுமே இல்லாம. நல்லா வந்திருக்கு.